மிதவைக்கு வைத்த பொட்டு

இங்கே கடலுக்குப் போகிற கருவிக்குக் கேக் வெட்டுகிறார்கள், தெரியுமா? மாதக்கணக்காகப் பனிக்கடியில் திரிந்து, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து, துருவக் கடல் எப்படி மாறுகிறதென்று செய்தி அனுப்பப்போகிற மிதவை பட்டறையில் கிடக்கும். நாங்கள் சுற்றி நின்று காபி குடிப்போம். தேங்காய் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. நார்வேயின் வடகோடிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

இந்த முறை வீட்டு ஆட்களையும் அழைத்து வரச் சொன்னார்கள். இலங்கை மலையகத்துத் தெமோதரையிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டியவர். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அப்பா அதன் சுவிட்சைத் தொடமாட்டார். "கையக் காவு கேக்குற சாமிடா இது" என்பார்.

நான் கேக் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அம்மா முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து மிதவைக்குப் பொட்டு வைத்துவிட்டாள். அதுவும் எங்கே? பனிக்கடியில் வெளிச்சத்தை அளக்கிற கண்ணாடிக் கண்ணின் நட்டநடுவில்! கைரேகை பட்டாலே மறுபடி சோதிக்க வேண்டிய கண் அது.

"ஐயோ, என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"கடலுக்குப் போகுதுல்ல தம்பி, கண்ணு படாம இருக்கட்டும்னுதான்…"

என் மேலதிகாரி இங்கிரிட் ஓடிவந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்குமுன்னே நான் நார்வேஜிய மொழியில் கொட்டினேன்: "மன்னியுங்கள். அம்மா படிக்காதவள். தோட்டத்துக் கூலி. அவளுக்கு ஒன்றும் தெரியாது." சொல்லி முடிக்கும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக வந்தது. பாஷை புரியாவிட்டால் என்ன, தொனி புரியாதா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியின் ஏச்சுக்கு நின்றதுபோல், அம்மா கையைக் கட்டித் தலை குனிந்து நின்றாள்.

இங்கிரிட் கண்ணாடியைத் துடைத்தார். கணினியில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒன்றும் ஆகவில்லை. இது ஆசீர்வாதம்தானே? எங்கள் மீனவர்களிடமும் இப்படிச் சில வழக்கங்கள் உண்டு. கண்ணில் வேண்டாம், உடம்பில் வைக்கச் சொல்லுங்கள்."

நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் இங்கிரிட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க தொரசாணி. மகனுக்கு வெக்கமா இருக்கு."

"என்ன சொல்கிறார்?" என்று இங்கிரிட் ஆவலாக என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"குளிருகிறதாம்" என்றேன்.

அவர் உடனே தம் கடல் ஜாக்கெட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்தினார். செம்மஞ்சள் நிறம், முழங்கால்வரை தொங்கியது. கீழே சேலைக் கரை தெரிந்தது. நீண்ட கைக்குள்ளிருந்து விரல்கள் மட்டும் வெளியே வந்து குங்குமப் பொட்டலத்தை மறுபடி மடித்தன.

"எனக்குக் குளிரலையே தம்பி," என்றாள் அம்மா. "நீ என்னத்த சொன்ன?"