தண்டும் தண்டாவும்

மணியம் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓடுகிற மோட்டார் சைக்கிள் வேண்டும். தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. செங், புக்கிட் ரம்பாய், புக்கிட் கட்டில் என்று எட்ட எட்ட இருக்கும் ஊர்களைச் சுற்ற வேண்டும். சொந்த வண்டி இல்லாதவருக்கு வேலை இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு அவருக்கு வாய்த்த முதல் மாதச் சம்பள வேலை அது.

மெர்டேக்கா வந்த வருஷம், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். காஜா பெராங்கில் அருணாசலம் முதலாளியின் பட்டறையில் நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு வருஷம் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ஃபிட்டர். அங்கே தமிழைத் தவிர வேறு பேச்சு தேவைப்பட்டதில்லை. கடையில் உப்பு புளி வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். அதையே பெரிய புலமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணியம் பிள்ளை செட்டி கம்பத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிய தமிழர்களின் குடியிருப்பு அது. பெயரும் நெற்றித் திருநீறும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். வண்டி, யுத்தத்துக்கு முன்னால் அவருடைய அப்பா வாங்கிய ஒற்றை சிலிண்டர் இங்கிலீஷ் வண்டி. ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க, கோழிக்கூட்டுக்குப் பின்னால் விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தார்களாம். அப்பா போன பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. விறகுக் கொட்டகையின் கூரை ஒழுகி, எஞ்சினின் பற்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் கவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது.

வண்டியைக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் எஞ்சினைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "டாலாம் அடா தண்டா. ஜாங்ஙான் காசி ஈலாங், யா?"

டாலாம் என்றால் உள்ளே. ஈலாங் என்றால் தொலைவது. அதெல்லாம் தெரியும். தண்டா? வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை நாங்கள் கேம் தண்டு என்போம். பாவம், மனிதருக்குத் தண்டு என்று சொல்ல வாய் வரவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற தண்டைத் தொலைத்துவிடாதே என்கிறார். தண்டைத் தொலைப்பவனும் ஒரு ஃபிட்டரா?

"பயப்படாதீங்க அபாங். தண்டு பத்திரம்" என்றேன். அபாங் என்றால் அண்ணன். அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கவரைத் திறந்தால் உள்ளே செம்மண் குழம்பு மாதிரி துரு. பெட்ரோல் காற்றை உள்ளே விடும் இன்லெட் கேம், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் கேம் இரண்டும், அவை சுழலும் புஷ் வளையத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவசரக்காரன் இந்த இடத்தில்தான் சுத்தியலைத் தேடுவான். கேமின் விளிம்பில் ஒரு அடி விழுந்தால் போதும், அந்த வண்டிக்குப் புதுத் தண்டை எந்தக் கப்பலில் போய்த் தேடுவது? மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி மூன்று நாள் ஊற விட்டேன். நான்காம் நாள் பக்கத்துக் கோப்பிக் கடையில் கொதிநீர் வாங்கி வந்து எஞ்சினின் அலுமினியக் கேஸ் மேல் ஊற்றினேன். அலுமினியம் சூட்டில் சட்டென்று விரியும், உள்ளே இருக்கும் இரும்பு மெதுவாகத்தான் விரியும். அந்த நேரத்துக்குள் கேமின் பற்சக்கரத்தைத் துணி சுற்றிப் பிடித்து, இப்படியும் அப்படியும் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். மூன்றாவது கெட்டில் தண்ணீருக்கு எக்ஸாஸ்ட் தண்டு கையோடு வந்தது. ஐந்தாவதுக்கு இன்லெட். கோப்பிக் கடைக்காரர் "சியாப்பா பெரானாக்?" என்று கேட்டார். யாருக்குப் பிரசவம் என்று கேலி செய்கிறார் என்பதை முதலாளி சொன்ன பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

கேம் மேட்டில் எமரித் தாள் படக் கூடாது. ஆயில் ஸ்டோன் என்ற வழுவழுப்பான கல்லால் பூப்போலத் தடவினால் போதும். அதில் நான் கவனமாகவே இருந்தேன். ஆனால் பற்சக்கரங்களின் முகத்தையும், அவற்றைச் சுழற்றும் கிராங்க் பினியன் என்ற சின்னச் சக்கரத்தின் முகத்தையும் எமரி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். புது வெள்ளிக்காசு மாதிரி மின்னின. அந்த முகத்துக்கு அவ்வளவு தேய்ப்பு தேவையே இல்லை. பார்க்கிறவர்கள் அசர வேண்டும் என்பதற்காகத் தேய்த்தேன்.

சனிக்கிழமை மதியம் மணியம் பிள்ளை வந்தார். துணியை விலக்கிக் காட்டினேன். பற்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"தண்டா மானா?"

தண்டு எங்கே என்கிறார், அதையே கையில் வைத்துக்கொண்டு! "இதோ, இதுதான் தண்டு" என்று தொட்டுக் காட்டினேன்.

"பூக்கான் இனி! தண்டா! தண்டா!" என்றார், இது இல்லை என்று. சக்கரத்தின் முகத்தில் விரலால் கோடும் இழுத்துக் காட்டினார்.

முதலாளி வந்தார். அவரோடு மலாயில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீராசாமி, தண்டா தாங்ஙான்னா என்னா?"

"கையெழுத்துங்க மொதலாளி."

"தாங்ஙான்னா கை. அப்ப தண்டான்னா?"

மின்னிக்கொண்டிருந்த சக்கரத்தின் முகத்தைப் பார்த்தேன்.

"அடையாளம் லா! யுத்தத்துக்கு முந்தி பினியன் மாத்தியிருக்காங்க. அதுல கம்பெனிக்காரன் குத்துற அடையாளப் புள்ளி இல்ல. எந்தப் பல்லு எந்தப் பல்லோட சேரணும்னு அவங்கப்பா அரத்தால கோடு போட்டு வச்சிருக்காரு. அத நீ தேச்சே அழிச்சிட்ட. ஆனைக்கும் அடி சறுக்கும்தான், நீ இன்னும் ஆனை ஆகலயே!"

பற்கள் சரியாகச் சேராவிட்டால் வால்வுகள் நேரம் கெட்டுத் திறக்கும், எஞ்சின் ஓடாது. மணியம் பிள்ளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முக்காலியில் உட்கார்ந்து "இஸ்னின், இஸ்னின்" என்றார். திங்கட்கிழமை, திங்கட்கிழமை. அவருக்குத் தமிழ் வரவில்லை என்று சிரித்தவனுக்குத்தான் மலாய் வரவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"மொதலாளி, நாளைக்கு ஞாயித்துக்கிழம பட்டறையத் தெறந்து குடுங்க. அடையாளம் இல்லாமலே சேத்துடுறேன்."

"முடியுமா?"

"தோட்டத்து எஞ்சின்ல அடையாளமா இருந்துச்சு? வால்வுதாங்க அடையாளம்."

ஞாயிறு காலை தொடங்கினேன். பிளக் ஓட்டையில் சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்தேன். அந்த உச்சியில்தான் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியப் பார்க்கும், இன்லெட் திறக்கத் தொடங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, கொஞ்சமே திறந்திருக்கும். வால்வைத் தள்ளும் புஷ் ராடை இரு விரலால் உருட்டிக்கொண்டே இருந்தால், அது இறுகுவதும் இளகுவதும் தெரியும். பற்சக்கரத்தை ஒரு பல் இந்தப் பக்கம் தள்ளி மாட்டினால் இறுக்கம் முந்தும், அந்தப் பக்கம் தள்ளினால் பிந்தும். பதினோரு தடவை கழற்றி மாட்டினேன். தீப்பொறி தரும் மேக்னெட்டோவை முதலாளி பார்த்துக்கொண்டார்.

மதியம் உதைத்தபோது கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. இன்லெட் ஒரு பல் பிசகு. மறுபடி கழற்றினேன். பன்னிரண்டாவது தடவை மாட்டி மூன்றாவது உதை உதைத்ததும் பிடித்துக்கொண்டது. டக் டக் டக் என்று ஒரு அடி தவறாத ஓட்டம். காலையிலிருந்தே முக்காலியில் காத்திருந்த மணியம் பிள்ளை எழுந்து வந்து என் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றும் அந்தப் பெருமை இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எஞ்சினை நிறுத்திக் கவரை மறுபடி திறந்து, சேர்ந்திருந்த பற்களில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தினேன். "அபாங், தண்டா" என்று காட்டினேன்.

"இத்து தண்டா லூ பூஞ்ஞா" என்று சிரித்தார். இது உன் அடையாளம் என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்பே அவர் அலுவலக வாசலில் நின்றார். பல வருஷம் அந்த வண்டியிலேயே மீட்டர் பார்த்தார். பிறகு யார் யாரோ அந்த எஞ்சினைத் திறந்தார்கள், என் புள்ளியை வைத்துத்தான் சேர்த்தார்கள்.

நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். வண்டிக்காரர் எது சொன்னாலும், அதை என் வார்த்தையில் ஒரு தடவை திருப்பிச் சொல்லி, "இதானே, பெத்துல்?" என்று சரிபார்த்த பிறகுதான் போல்ட்டைத் தொடுவேன். இதைத்தான் இப்போது பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் சொல்வேன். "என்னா அண்ணே, காது கேக்கலயா?" என்று சிலர் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தண்டாவைத் தேய்த்து அழித்த அன்றைக்கும் எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.