பக்கத்து வீட்டுச் சந்தில் அலிசம்

அலிசம் என்கிற சீமைப் பூச்செடியின் விதை கசகசா மாதிரிப் பொடி. மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. தென்காசியில் சாரல் தொடங்கிய வாரம், மொட்டைமாடித் தொட்டியில் மண்ணின் மேலேயே தூவிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா தன் மாடியிலிருந்து கேட்டார்: “தலையில வைக்கலாமா, சாமிக்குப் போடலாமா?”

இரண்டுக்கும் ஆகாது என்றேன்.

“பெறவு எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மறுநாள் பெய்த பெருமழையில் தொட்டி நிரம்பி வழிந்தது. அப்புறம் ஒன்றுமே முளைக்கவில்லை. அலுத்துப்போய் அதில் வெண்டை போட்டேன்.

எங்கள் மாடித் தண்ணீர் குழாய் வழியாக அக்கா வீட்டுச் சந்தில்தான் விழும். குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லி அவர் என்னோடு போடாத சண்டை இல்லை.

சாரல் முடிகிற சமயம், அந்தச் சந்தின் சிமெண்டு வெடிப்பெல்லாம் அலிசம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. தேன் வாசனை என் ஜன்னல் வரை வந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த சொந்தக்காரர்களிடம் அக்கா காட்டிக்கொண்டிருந்தார்: “எங்க வீட்டுப் பூதான். தலையில வைக்கதுக்கு இல்ல, சும்மா பாக்கதுக்கு.”

ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, அந்தக் குழாய் அங்கனயே இருக்கட்டும்.”