தனகோடி கொடுத்த ரத்தம்

அக்கா தனபாக்கியத்தின் மேல் தனகோடிக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்தே பொறாமை. அக்காவுக்குச் சிவந்த நிறம், ராணிப்பேட்டையில் கம்பெனி மேஸ்திரி மாப்பிள்ளை, மாடி வீடு. தனகோடிக்கு வாய்த்தது குடிகாரப் புருஷனும், ஆம்பூர் தோல் ஷாப்பில் ஈரத்தோலை வெயிலில் விரித்துக் காயப்போடும் வேலையும். இருவரும் கைம்பெண்ணாகி, தனகோடிக்கு இடுப்பும் விட்டுப்போன பிறகு, எண்பத்து மூன்றாம் வருஷம் அக்கா மகன் கோவிந்தராஜ் வந்து கூப்பிட்டான்.

"அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாய்டுச்சு சித்தி. நீ கூட இருந்தா தேவல."

போனாள். அங்கேயும் அக்காவுக்குத்தான் உபசாரம். மகன் ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தான், மருமகள் தலை வாரிவிட்டாள். போதாததற்கு, வேலூரிலிருந்து ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருத்தி ஜீப்பில் வந்து இறங்கி, அக்காவின் கையைத் தடவிக்கொடுத்து ரத்தம் எடுத்தாள். மறதிக்குக்கூட மரியாதையா என்று தனகோடிக்கு வயிறு எரிந்தது.

"அந்த ரத்தத்துல இன்னா இருக்குது?"

"மூளைய மங்கவைக்கிற எதாவது ஓடுதான்னு பாக்கறோம்மா. ரத்தத்துல தெளிஞ்ச நீர எலியோட மூளை செல் மேல விட்டுப் பாப்போம். கூடப் பொறந்து, மறதி வராதவங்க ரத்தமும் இருந்தா ஒப்பிடலாம். நீங்க குடுப்பீங்களா?"

தனகோடி எழுந்து போய் முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். தன் ரத்தம்தான் ஒசத்தி என்று சொல்லப்போகிறார்கள் என மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

திரும்பி வந்த டாக்டரம்மா, "ரெண்டு பேரோடதுலயும் வித்தியாசம் எதுவும் தெரியலம்மா" என்றாள்.

"நல்லா பாத்தீங்களா? அவ ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணா?"

"இப்பத்திக்கு அவ்ளோதான். இன்னும் நெறைய பேர்கிட்ட எடுக்கணும்."

ஜீப் போன பின்னும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் சோறு ஊட்ட உட்கார்ந்தபோது தனபாக்கியம் அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீ யாரு?"

அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. தனகோடி சோற்றை உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நான்தான் உன் அக்கா. நீ என் தங்கச்சி. வாயத் தொற."

தனபாக்கியம் அவசரமாக நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். "நீ சாப்ட்டியாக்கா?"

அதன் பிறகு இரண்டு வருஷம் தனகோடிதான் அக்கா. கோவிந்தராஜ் திட்டிப் பார்த்தான், அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பொறாமையும் போகவில்லை. மருமகள் ஊட்டி தனபாக்கியம் சிரித்துச் சாப்பிட்டால்கூடத் தாங்காது. "நீ போ, நான் குடுக்கறேன்" என்று தட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

தனபாக்கியம் செத்த அன்று, "தங்கச்சி, தங்கச்சி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள், பாவம், இவளுக்கும் மறதி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழுந்தது. யாரையும் திருத்தவில்லை.