நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

விஷத்தின் மேல் 'விஷமில்லை' என்று ஒட்டியவன் நான். பிள்ளையாரின் அருளைச் சொல்ல வந்தவன், முதலில் இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

திருவனந்தபுரத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர மேலாளராக இருந்தேன். போர்டில் சிறு பாகங்களைப் பற்றவைக்க சால்டர் கம்பி வேண்டும். பழைய வகைக் கம்பியில் காரீயம் கலந்திருக்கும். அது உடம்பில் சேர்ந்தால் இரத்தத்தையும் நரம்பையும் கெடுக்கும். காரீயம் இல்லாத கம்பிதான் வேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதி வாங்கியிருந்தார். அந்தக் கம்பி வந்து சேரத் தாமதமானது. கெடு நெருங்கியது. கிடங்கில் பழைய ரீல்கள் கிடந்தன. அவற்றின் மேல் 'காரீயம் இல்லாதது' என்ற பச்சை ஸ்டிக்கரை என் கையாலேயே ஒட்டினேன். சான்றிதழிலும் கையெழுத்திட்டேன். ஒரே ஒரு ஆர்டருக்கு என்று தொடங்கியது வழக்கமாகிவிட்டது.

வேலை செய்யும் பெண்களுக்கு இரண்டு கைகளும் சால்டரிங் அயர்னிலும் சாமணத்திலும் இருக்கும். கம்பியின் நுனியை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். முன்பெல்லாம் அதட்டுவேன். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எந்த முகத்தோடு அதட்டுவது? ஒருநாள் பழக்கத்தில் அதட்டிவிட்டேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த செல்வி சிரித்தாள்.

"பச்சை ஸ்டிக்கர் அல்லே சாரே! ஒட்டினது நீங்கதானே?"

நானும் சிரித்து வைத்தேன்.

சில மாதங்களில் செல்விக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. இரத்தம் குறைந்தது. மணிக்கட்டு துவண்டு, கையில் எடுத்த தம்ளர் நழுவியது. ஆஸ்பத்திரியில் காரணம் பிடிபடவில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்பதென்று நாள் குறித்தார்கள். கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் வேலை போகும், பெயர் போகும், வழக்கு வரும். சொல்லவில்லை.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு ஓடினேன். "பிள்ளையாரே, நான் வாய் திறக்காமலே அவளைக் குணமாக்கிவிடு." தினமும் ஒரு தேங்காய், தினமும் இதே வேண்டுதல். வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் காலை. தேங்காயோடு நின்றேன். பக்கத்தில் செல்வியின் கணவன் முருகன், விழிஞ்ஞத்தில் கட்டட வேலை பார்ப்பவன். கண்ணை மூடி, சுற்றி ஆள் நிற்பதையும் மறந்து வேண்டினான்.

"அப்பனே, அவளுக்கு என்ன நோவுன்னு மட்டும் காட்டித் தா. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

கண் திறந்ததும் என்னைப் பார்த்தான். "சாரே! நீங்களும் அவளுக்காவ வந்தீங்களா? காய் வேற வாங்கியிருக்கீங்க. நல்ல மனசு, கேட்டோ."

தேங்காயை ஓங்கக் கை வரவில்லை. அவன் கேட்ட பதில் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. என் வேண்டுதலைப் பிள்ளையார் தள்ளிவிட்டார். அவனுடையதைக் கேட்டார்.

"முருகா, அவ நோவு என்னன்னு எனக்குத் தெரியும்."

ஆட்டோவில் போகும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெளியே பார்த்தபடியே வந்தான். இறங்கும்போது ஒன்றுதான் கேட்டான்: "இத போன வாரமே சொல்லியிருக்கப்படாதா சாரே?"

டாக்டர் இரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொன்னார். இருந்தது, நிறையவே. அறுவை நின்றது. காரீயத்தை வெளியேற்றும் மருந்து தொடங்கியது. செல்வி பிழைத்தாள்.

நானே வாடிக்கையாளருக்கும் அரசு அதிகாரிகளுக்கும் எழுதினேன். உடன் வேலை செய்தவர்களுக்கும் சோதனை நடந்தது. இன்னும் இருவரை நேரத்தோடு காப்பாற்ற முடிந்தது. வேலை போனது, வழக்கும் வந்தது. பயந்ததெல்லாம் நடந்தது. அத்தனையிலும் பிள்ளையார் என்னைக் கைவிடவில்லை.

அன்பர்களே, அவர் முன்னால் நிற்கும்போது தப்பிக்க வழி கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லத் துணிவு கேளுங்கள். நிச்சயம் தருவார்.

இப்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சிறு ஸ்டாண்டுகளைப் பற்றவைத்துச் செய்து பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். இனி யாரும் உதட்டில் கவ்வ வேண்டாம். செல்வி வேறொரு தொழிற்சாலையில் வரும் சரக்கைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. போன மாதம் அங்கே ஸ்டாண்டுகள் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொள்ளாம் சாரே, நல்லாருக்கு. பத்தவெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப டெஸ்ட் பண்ணாம உள்ள விடமாட்டேன்."

காரீயம் பட்டால் சிவக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் அழுத்தித் தேய்த்தாள். நான் கைகட்டி நின்றேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"உள்ள வாங்க சாரே" என்றாள்.