மாதா என் இமைகளைப் பிடித்திருந்த நேரம்

பந்தயப் படகில் என்னோடு வந்த மார்க் கடலில் விழுந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். கடவுளே, திரும்பவும் நானா என்றுதான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் ஓர் ஆள் கடலில் விழுவதை நான் காண்பது அது இரண்டாவது தடவை.

பங்குச் சனங்களே, நம் பேசாலைப் பெண்ணுக்குப் பாய்க்கப்பல் பந்தயம் எதற்கு என்று உங்களில் சிலர் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்புத்தான். இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் படகுகளுக்குப் பாய் தைப்பது என் வேலை. சமுத்திரம் கடக்கும் பந்தயத்துக்குப் புறப்பட்ட படகொன்றில், கிழிகிற பாயைத் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள். சம்மதித்துவிட்டேன். அம்மாதான் தொலைபேசியில் கத்தினார். "திரும்பவும் கடலுக்கோ போறாய்? உன்ர அண்ணனை விழுங்கினது காணாதே அதுக்கு?"

அண்ணன் கதை உங்களுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குப் பயந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனோம். விடிகிற நேரம், மணல்திட்டுகளுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அண்ணன் விழுந்துவிட்டார். அவருக்குப் பதினேழு வயது. உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் விழுந்ததை நான் கண்டேன். எனக்கு ஒன்பது வயது. தலை தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. வாய் திறக்குமுன் அம்மா என் தலையை மடியில் அமத்தி, "கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லு பிள்ளை" என்றார். மூடினேன். சொல் கேட்கிற பிள்ளை நான்.

வள்ளக்காரர் கத்தியபோதுதான் கண் திறந்தேன். "எந்தப் பக்கம் விழுந்தவன்? ஆராவது கண்டனீங்களோ? எந்தப் பக்கம்?" எல்லாப் பக்கமும் ஒரே கடல். நான் பேசவில்லை. அதன் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை, பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னை விடவில்லை. பஸ்ஸில் இருக்கும்போது கேட்கும். தையல் மெஷின் நின்ற உடனே கேட்கும். எந்தப் பக்கம்?

பந்தயப் படகில் அது இன்னும் கூடியது. அங்கே வாழ்க்கை முழுதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். பையில் வரும் உலர்ந்த தூளில் சுடுதண்ணீர் ஊற்றினால் அதுதான் சாப்பாடு. பத்துப் பேருக்கு ஐந்து படுக்கை. மார்க் எழும்பினால்தான் நான் படுக்கலாம், அவர் படுத்த சூடு ஆறியிருக்காது. தப்பாக நினைக்காதீர்கள், அவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அவருடைய குறட்டையைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். படுத்தால் என் காதுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தகடுதான். அந்தத் தகட்டுக்கு வெளியே இருந்து அந்தக் குரல் தமிழில் கேட்கும்.

பத்தொன்பதாம் நாள் பகல். தெற்கே குளிர்க் கடல், மழைத்தூறல், மலை மாதிரி அலை. மார்க், படகோடு ஆளைக் கட்டி வைக்கும் இடுப்புக் கயிற்றின் கொளுக்கியைக் கழற்றி மற்றக் கம்பியில் மாட்டப் போனார். அந்த ஒரு நொடியில் அலை அடித்தது. ஆள் இல்லை.

கத்தினேன். இந்தத் தடவை குரல் வந்தது. படகில் ஒரு சட்டம் உண்டு. விழுந்தவரைக் கண்டவர் வேறு வேலை தொடக்கூடாது. கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது. அலைக்குள் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

மற்றவர்கள் பாயை இறக்கிப் படகைத் திருப்பினார்கள். நான் கையை நீட்டியபடி நின்றேன். உப்புத் தண்ணீர் கண்ணில் அறைந்தது. கண்ணை மூடிச் செபிக்கச் சொல்லி உடம்பு முழுதும் கெஞ்சியது. நான் வாய்விட்டுச் சொன்னேன்: "மாதாவே, என்ர இமையைப் பிடியுங்கோ." வேறு செபம் வரவில்லை.

அப்போது மார்க்கின் சட்டையோடு சேர்ந்த சிவப்புத் தொப்பி அலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கப்டன் ஆங்கிலத்தில் எங்கே என்று கத்தினார். என் காதில் விழுந்தது வள்ளக்காரரின் குரல். எந்தப் பக்கம்? பார்த்தேன். இடது பக்கத்தில் ஒரு தலை. கறுத்த மயிர், நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் என்னைப் பார்த்தபடி. பதினேழு வயது.

என் கை அந்தப் பக்கம் போனது. உண்மையைச் சொல்கிறேன், போனது. கப்டனும் சுக்கானைத் திருப்பத் தொடங்கினார். நான் அழுதுகொண்டு சொன்னேன்: "அண்ணா, இண்டைக்கு நீ இல்லை அண்ணா." சொல்லிவிட்டுக் கையை அவரிடமிருந்து எடுத்து, தொப்பி மறைந்த வலது பக்கம் நீட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். கையை இறக்கவில்லை. கண் எரிந்தது, ஆனால் மூடவில்லை. என் இமைகளில் இரண்டு விரல் இருந்ததை நான் உணர்ந்தேன். யார் சிரித்தாலும் இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அந்த வெறும் தண்ணீர் மேலே எழும்பியது. அதன் உச்சியில் சிவப்புத் தொப்பி.

மார்க்கைத் தூக்கியபோது உதடு நீலம், ஆனால் மூச்சு இருந்தது. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் இடது பக்கத்தைப் பார்த்தேன். யாரும் இல்லை. சந்தோஷப்பட முடியவில்லை. ஓர் ஆளைக் காப்பாற்ற அண்ணனை இரண்டாம் தடவையும் விட்டுவிட்டேன் என்றுதான் கரை சேரும்வரை இருந்தது.

போன கிழமை இங்கே வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கதிரையில் இருந்தபடி கேட்டார். பிறகு சொன்னார்: "அவன் விழுந்ததை நானும் கண்டனான் பிள்ளை. கத்த எனக்குக் குரல் வரேல்லை. நீ காணக்கூடாதெண்டுதான் கண்ணை மூடச் சொன்னனான்."

முப்பது வருடத்துக்கு மேலாக, ஒரே மேசையில் சாப்பிட்ட காலத்திலும் பிறகு தொலைபேசியிலும், இரண்டு பேரும் இதை மறைத்து வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதோம்.

குரல் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் கேட்கும். ஆனால் முன்னர் அதைக் கேட்டு ஒளிந்தேன். இப்போது மாதாவைக் கூப்பிடுகிறேன், அவர் வருகிறார். அதற்கு நான் சாட்சி.

இத்தனை வருடமும் அண்ணனின் ஆன்மாவுக்காக ஒரு பூசை கொடுக்க அம்மா விடவில்லை. கொடுத்தால் அவன் செத்தது உண்மையாகிவிடும் என்பார். நேற்று அவரே பங்குச் சுவாமியிடம் நடந்து போய் அண்ணனின் பெயரைக் கொடுத்தார். உங்களிலும் கடலுக்கு ஆளைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். கண்டதைச் சொல்லாமல் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். மாதாவை நம்பிச் சொல்லுங்கள், முதலில் அவரிடம், பிறகு வீட்டில். நாளைக் காலைப் பூசை அண்ணனுக்கு. உங்கள் ஆட்களின் பெயர்களையும் கொண்டு வாருங்கள்.