பந்தயம் முடியும் முன்னே

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தீபாவளி சீசன் முடிஞ்ச மறுமாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாரணாபுரத்தில் எங்க வீட்டில் நடந்தது இது.

எங்க வீட்டுக்காரர் வெடி லோடு ஏத்திக்கிட்டு வடக்கே போய் வந்த லாரி டிரைவர். வண்டியை விட்டு இறங்கி வருஷக்கணக்காச்சு. ஆனாலும் டிவியில் கார் பந்தயம் வந்துட்டா அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கிட்டே பார்ப்பேன்.

அவர் கதை கதையாச் சொல்வார். அந்தக் காலத்தில் தோல் தொப்பி மட்டும் போட்டுக்கிட்டு, பெல்ட் இல்லாம ஓட்டுவாங்களாம். வளைவில் வைக்கோல் கட்டுதான் காவலாம். எத்தனையோ பேர் செத்த பிறகுதான் ஒவ்வொரு விதியா வந்துச்சாம். டயர் மாத்த நிறுத்தினா டிரைவர் இறங்கித் தண்ணி குடிச்சுட்டு, சாவகாசமா ஏறிப் போவாராம். இப்போ கார் வந்து நிக்கிறதும் தெரியாது, கிளம்புறதும் தெரியாது. அதுக்குள்ள நாலு டயரும் மாறிடுது. தான் ஒத்த டயருக்கு அரை நாள் வெயிலில் கிடந்ததைச் சொல்லிச் சிரிப்பார். நான் எதுக்கும் பதில் சொல்றதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். அப்படியே பழகிப்போச்சு.

அன்னைக்கு அவருக்குப் பிடிச்ச சிவப்புக் கார், வளைவில் உள்பக்கமா நுழைஞ்சு, முன்னால போனவனை முந்தி முதல் இடத்துக்கு வந்துச்சு. எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. வழக்கமா இந்த மாதிரி நேரத்தில் தொடையைத் தட்டி, "அமுக்குலே, அமுக்குலே"ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அன்னைக்குச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஃபேன் ஓடுது, ஆனா சட்டை வேர்வையில் முதுகோட ஒட்டியிருக்கு. இடது கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கார்.

கேட்டதுக்கு, மத்தியானம் தின்ன மொச்சை வாயுன்னார். நெஞ்சு கரிக்குதாம், கல்லு வச்ச மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். இன்னும் கொஞ்ச சுத்துதான், முடியட்டும், சும்மா இருன்னார். டிவியை அமத்தலாம்னா, கோபத்தில் வலி கூடிருமோன்னு பயம்.

அந்நேரம் பார்த்து, முதலாவதாப் போய்க்கிட்டிருந்த அந்தச் சிவப்புக் காரே டயர் மாத்த ஓடுபாதையை விட்டு உள்ள திரும்புச்சு. எனக்கு எங்கிருந்து வாய் வந்துச்சோ தெரியலை.

"முதல்ல போறவனே உள்ள வந்துட்டுத்தான போறான். தேஞ்ச டயரோட ஓட்டுனா வெடிச்சு வெளிய கிடப்பான்னு நீங்கதான சொன்னீக. நீங்களும் உள்ள வாங்க."

வலியிலேயும் என்னை ஆச்சரியமாப் பார்த்தார். "ஏ புள்ள, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இம்புட்டு வருஷமா பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

அப்புறம் தோளில் துண்டைப் போட்டுக்கிட்டு எந்திரிச்சார்.

பக்கத்து வீட்டில் ஆட்டோ இருக்கு. அதுவரைக்கும் நான் அந்த வீட்டு வாசலில் நின்னு குரல் கொடுத்ததே இல்லை. அன்னைக்கு நான் கூப்பிட்ட கூப்பாட்டில், சாப்பிட்டுக்கிட்டிருந்த பையன் கையைக்கூடக் கழுவாம ஓடி வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒருத்தர் ஊசி போட, ஒருத்தர் நெஞ்சில் வயர் ஒட்ட, ஒருத்தர் மூக்கில் குழாய் வைக்க, ஆளுக்கொரு வேலையாச் சுத்தி நின்னுட்டாங்க. அந்த நிலைமையிலேயும் அவர் என்னைப் பார்த்து, "டயரு மாத்துறாக"ன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. வெளியே வராந்தாவில் போய் இருக்கன்குடி மாரியை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சு டாக்டரம்மா வந்து, நடந்ததை என்கிட்ட கேட்டுக்கிட்டு, இதயத்துக்குப் போற குழாயில் அடைப்பு இருந்துச்சு, மருந்து கேட்டிருச்சு, பந்தயம் முடியுற வரைக்கும் வீட்டில் இருந்திருந்தா எங்களால ஒண்ணும் செய்திருக்க முடியாதுன்னு சொன்னாங்க.

உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, யார் ஜெயிச்சாங்கிறது. எனக்கெப்படித் தெரியும், டிவியை ஓடவிட்டுட்டு வந்துட்டேனேன்னேன். கரண்டு பில்லை யார் கட்டுறதுன்னு ஏசினார். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சில ராத்திரி முழிப்பு வந்தா, பக்கத்தில் அவர் விடுற குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். அன்னைக்கு மட்டும் வெட்கப்பட்டு அந்த வார்த்தையை முழுங்கியிருந்தா இந்தச் சத்தம் ஏதுன்னு நினைச்சுக்கிட்டே, நிம்மதியாத் திரும்பிப் படுத்துத் தூங்கிருவேன்.