துரைக்கு முதுகைக் காட்டாதீர்கள்

நாட்டுக்கோழி முட்டை விற்கிற தொழிலில் முட்டை உடைவது பெரிய கஷ்டமில்லை. முட்டை எடுக்கக் குனிகிறவளின் கெண்டைக்கால் கிழிவதுதான் கஷ்டம். கொல்லையில் சேவல் வைத்திருக்கும் என் சக பாவிகளே, பக்கவாட்டில் நடந்து கூண்டுக்குப் போகிறவர்கள் நீங்களும்தானே? இது உங்களுக்காகத்தான்.

மடியில் வளர்ந்தவன்

ஆரணியில் எங்கள் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். நான் கொல்லையில் கோழி வளர்த்து முட்டையும் குஞ்சும் விற்கிறேன். ஒரு தடவை தாய்க்கோழி ஒரு குஞ்சை மட்டும் கொத்திக் கொத்தி விரட்டியது. அதற்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அதை எடுத்துவந்து தறிக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் வைத்து, நொய் ஊட்டி, மடியில் தூங்கவைத்து, துரை என்று பெயரும் வைத்தார். எங்கள் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த மடி இவ்வளவு காலியாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மனிதர்களிடம் பயமே இல்லாமல் வளர்ந்த துரை, கொண்டை சிவந்ததும் என்னை ஒரு போட்டிச் சேவல் என்று முடிவுகட்டினான். தீனி போடக் குனிந்தபோது பின்னாலிருந்து பறந்துவந்து இரண்டு காலாலும் உதைத்தான். கால் முள் இறங்கி, ரத்தம் ஒழுக நின்றேன். ஓடிவந்த வீட்டுக்காரர் பார்த்தது சேவலை. அதற்கு எங்காவது அடிபட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீ செவப்புப் பொடவை கட்டிகினு போனா, அது என்னான்னு நெனைக்கும்?"

போளூர்க்காரரின் வீரம்

போளூரிலிருந்து ஒருவர் பெட்டைக்கோழி வாங்க வந்தார். நல்ல மீசை. சேவல் வெளியே இருக்கிறது, நானே பிடித்துத் தருகிறேன் என்றேன். அவர் மாடு விடும் விழாவில் காளைக்கு எதிரே நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே கொல்லைக்குள் போய்விட்டார். துரை ஒரு இறக்கையைத் தாழ்த்தி அவரைச் சுற்றி அரைவட்டம் போட்டான். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் விலகிவிடுவார்கள். இவர் எட்டி உதைத்தார். சேவலைச் சண்டைக்கு அழைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், மீசை துணி துவைக்கிற கல்லின் மேல். நான் துரையைக் கூடை போட்டு மூடிய பிறகுதான் இறங்கினார். முழங்காலுக்கு மஞ்சள் வைத்துவிட்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "யாராவது கேட்டா, நாய் கடிச்சிதுன்னு சொல்லிடும்மா."

செல்போன் வைத்தியம்

செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகிற என் தம்பி ஜென்மத்தில் கோழி வளர்த்தவனில்லை. அதனால் தினமும் எனக்குச் சேவல் வீடியோ அனுப்பினான். தண்ணீர் பீய்ச்சு என்றது ஒன்று, கண்ணாடி காட்டு என்றது இன்னொன்று. ஒன்றே ஒன்று உருப்படி: உதைக்காமல், ஓடாமல், பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நிதானமாக நடப்பது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தேன். ஒரு வாரத்தில் துரை என்னிடம் அடங்கினான்.

என்னிடம் மட்டும். பெருமையாகப் பார்க்க வந்த தம்பியின் பேண்ட் முழங்காலுக்குக் கீழே இரண்டாகிவிட்டது. கிழிசலைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "அந்த வீடியோல வந்தது நல்ல குடும்பத்து சேவலு, அக்கா."

சரோஜாக்காவின் கண்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு சரோஜாக்காவும் தறி நெய்கிறவர். அன்று காலை தறியில் ஏற்றுகிற பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தார். துரை நேராகப் போய் அக்காவின் முகத்தில் பாய்ந்தான். முள் கண்ணுக்குச் சற்றுக் கீழே கிழித்தது. ரத்தம் பாவின் மேல் சொட்டியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிக்கும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அங்கேயும் வந்து, துரை வேண்டுமென்று செய்யவில்லை, பாவைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று வக்கீல் வேலையை ஆரம்பித்தார். அக்கா சத்தம் போடவில்லை. கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி அவரிடம் கேட்டார்: "கண்ணு போயிருந்தா, இழை முடிய உன் சேவலா வரும்?"

ஞாயிற்றுக்கிழமை

கண்ணமங்கலத்தில் ஒருவர் சேவல் கேட்கிறார், குணத்தைச் சொல்லாமல் தள்ளிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். என் தொல்லையை இன்னொருத்தியின் கெண்டைக்காலுக்கு மாற்றிவிடுவது வியாபாரமில்லை என்றேன். வைத்திருந்தாலோ குஞ்சுகளுக்கும் அதே குணம் வரும். கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் போய்த் தறியில் உட்கார்ந்தார். தறிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்வானேன்.

குழம்பில் முதல் கிண்ணம் சரோஜாக்கா வீட்டுக்குப் போனது. சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரர், மடியில் வளர்த்ததை மனுஷன் தின்பானா, எனக்கு மோர் போதும் என்றார். சரியென்று மோர் எடுக்க எழுந்தேன். மிளகு வாசனை வீடு முழுக்க நின்றது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தட்டை என் பக்கம் நகர்த்தினார்: "கறி வேணாம், கொழம்பு மட்டும் ஊத்து."

சேவலை ஒரு வாரத்தில் அடக்கிவிடலாம். அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அடுப்பில் மிளகு கொதிக்கும்போதுதான் அடங்குகிறார்கள்.